பகா எண்ணும் பகுக்க முடியாத எண்ணும்

2024 அக்டோபர் 21 அன்று, அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழித்தால் அந்த எண் கிடைக்கும். அதன் இலக்கங்கள் 4,10,24,320. நொடிக்கு ஓர் இலக்கமாக இரவுபகல் ஓயாமல் வாசித்தாலும் முடிக்க ஏறத்தாழ 475 நாள் ஆகும். அதே அக்டோபரில் இந்தியாவில் யுபிஐ வழியாக நடந்த பணப் பரிமாற்றங்கள் 1,658 கோடி. இவ்விரண்டு செய்திகளையும் ஒரே வாக்கியத்தில் இணைக்கும் வழக்கம் வகுப்பறைகளிலும் செய்திக் கட்டுரைகளிலும் வேரூன்றிவிட்டது: 'இத்தகைய பெரிய பகா எண்களே இணையத்தில் பணத்தைக் காக்கின்றன.'

கேட்பதற்கு இனிய வாக்கியம். ஆனால் தவறானது. தவறு என்பதைவிட, எதை அறிந்திருக்கிறோம், எதை நம்பிக்கொண்டிருக்கிறோம் என்ற எல்லைக் கோட்டை அது அழித்துவிடுகிறது என்பதே கவலைக்குரியது.

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் தேநீர்க் கடைக்காரர் ஒட்டிவைத்திருக்கும் கட்டச் சதுரத்தையும், மாட்டுங்காவில் பூக்கட்டுபவரின் கூடையோரம் தொங்கும் அட்டையையும், செம்பூர்க் காய்கறிக் கடையின் ஒலிப்பெட்டியையும் எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் இரகசிய எண்ணை அழுத்தியதும் அது அப்படியே பயணம் செய்வதில்லை. கைப்பேசியிலேயே மறையாக்கம் பெற்றுத்தான் வெளியேறுகிறது. இந்தப் பரிமாற்ற அமைப்பை நடத்தும் இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் அலுவலகம் பாந்த்ரா-குர்லா வளாகத்தில், தாராவிக்கு மித்தி ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. பத்து ரூபாய்த் தேநீருக்கான ஆணை பத்திரமாகப் போய்ச் சேர்வதில் எண்கணிதத்திற்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. எந்த எண்கணிதம் என்பதே கேள்வி.

விடையை நெருங்கத் தமிழ்ச் சொல்லே வழிகாட்டுகிறது. இலங்கைப் பாடநூல்கள் 'முதன்மை எண்' என்கின்றன. அது ஆங்கிலச் சொல்லின் பொருளைத் தழுவியது. தமிழ்நாட்டு வழக்கான 'பகா எண்' நன்னூல் பதவியலின் 'பகாப்பதம்' என்னும் கலைச்சொல்லோடு உறவுடையது. 'பகா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'பகு' என்ற அடிக்குத் தன்வினை, பிறவினை ஆகிய இரு நிலைகளும் உண்டு. பகுதல் என்றால் பிளவுபடுதல். பகுத்தல் என்றால் பிளவுபடுத்துதல். முன்னதன் எதிர்மறை 'பகா'. பின்னதன் எதிர்மறை 'பகுக்கா'. சொல்லின் வடிவத்தை அப்படியே ஏற்றால், பகா எண் என்பது தானே பிளவுபடாத எண். பிளப்பவர் எவரும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஒருவர் முயன்று தோற்றார் என்ற செய்தியும் அதில் இல்லை.

இந்த வேறுபாட்டை ஒருபுறம் வைத்துக்கொண்டு பெரிய எண்ணுக்குத் திரும்பலாம். 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வருபவை மெர்சென் எண்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்ணே. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலோ உறுதி எதுவும் இல்லை: அடுக்கு 3 எனில் 7, 5 எனில் 31, 7 எனில் 127, மூன்றும் பகா எண்கள். அடுக்கு 11 ஆகும்போது 2047 வருகிறது. அது 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகை. இருமக் குறியீட்டில் எழுதினால் இவ்வகை எண்களில் 1-ஐத் தவிர வேறு இலக்கமே இராது. 2024-இல் அறிவிக்கப்பட்ட எண் 13,62,79,841 ஒன்றுகளின் நீண்ட வரிசை. அறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் அது 52-ஆவது.

நான்கு கோடி இலக்கங்களைக் கொண்ட எண்ணுக்குக் காரணி இல்லை என்பதை எப்படி அறிவது? சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது பேரண்டத்தின் வயதிலும் முடியாத வேலை. மெர்சென் எண்களுக்கு மட்டும் லூக்கா-லேமர் சோதனை என்ற குறுக்குவழி உண்டு. 4-இல் தொடங்க வேண்டும். கையிலுள்ள எண்ணை வர்க்கமாக்கி 2-ஐக் கழித்து, சோதிக்கப்படும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளுக்கு இதைச் செய்தபின் மீதி 0 எனில் அது பகா எண். இல்லையெனில் பகு எண். 31-க்கு மூன்று படிகள்: 4-இலிருந்து 14, 14-இலிருந்து 194, அதன் மீதி 8, 8-இலிருந்து 62, அதன் மீதி 0. ஆகவே 31 பகா எண். 2047-க்கு ஒன்பது படிகள்: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசி மீதி 0 இல்லை. ஆகவே 2047 பகு எண்.

இங்கே நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2047 பகும் என்று சோதனை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. ஆனால் 23 என்றோ 89 என்றோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. பகும் என்று அறிவது ஓர் அறிவு. பகுத்துக் காட்டுவது வேறொரு செயல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இணையப் பாதுகாப்பின் அடித்தளத்தில் ஒரு பகுதி இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் அமைந்திருக்கிறது.

அறிவிக்கப்பட்ட எண் கண்டறியப்பட்ட விதமும் மற்றொரு வேறுபாட்டைக் காட்டுகிறது. 17 நாடுகளில் பரவிய தரவு மையங்களின் வரைகலைச் செயலிகளை லூக் டுரண்ட் இதற்காகப் பயன்படுத்தினார். 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு செயலி, அந்த எண் பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று தெரிவித்தது. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்த மற்றொரு செயலி லூக்கா-லேமர் சோதனையை முடித்து அதை உறுதி செய்தது. முதல் நாளில் 'பகா எண்ணாக இருக்கும்'. இரண்டாம் நாளில் 'பகா எண்'. தமிழ் இலக்கணம் இவ்விரு வாக்கியங்களையும் ஒன்றாகக் கருதுவதில்லை. கேள்விப்பட்டதைச் சொல்வதற்கென்றே 'ஆம்' என்ற ஈறும் மொழியில் உண்டு: 'பகா எண்ணாம்.' நிரூபித்தது, ஊகித்தது, கேட்டது ஆகிய மூன்றையும் வினைமுடிபிலேயே பிரித்துச் சொல்லும் வசதி படைத்த மொழியில், அறிவியல் செய்திகள் மூன்றையும் ஒரே முடிபில் எழுதுவது வருத்தத்திற்குரியது.

இனி மறையாக்கத்திற்கு வருவோம். 1977-இல் உருவான ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பகா எண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருக்கப்படுகின்றன. பெருக்கற்பலன் ஊரறியப் பொதுவில் வைக்கப்படும். காரணிகள் இரண்டும் இரகசியம். இன்று பரவலாக வழங்கும் 2,048 பிட் அளவில் பெருக்கற்பலனுக்கு 617 இலக்கங்கள். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஏறத்தாழ 308. நான்கு கோடி இலக்கம் எங்கே, 308 இலக்கம் எங்கே! உலகச் சாதனை எண்ணை இங்கே பயன்படுத்த முடியாததற்குக் காரணம் அதன் பருமன் மட்டுமன்று. அதை எல்லாரும் அறிவர். எல்லாரும் அறிந்த காரணியை இரகசியமாக வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைப்பதற்கு ஒப்பாகும். ஆர்எஸ்ஏ முறைக்கு வேண்டியது புகழ்பெற்ற பகா எண் அன்று. எவரும் அறியாத, எவரும் ஊகிக்க முடியாத, பெயரற்ற பகா எண்.

அத்தகையவை ஏராளமாக இருக்கின்றன. 308 இலக்க எண்களிடையே சராசரியாக 700 எண்களுக்கு ஒன்று பகா எண். 1,024 பிட் பகா எண்களின் எண்ணிக்கையை எழுத 1-க்குப் பின் 305 சுழியங்கள் போட வேண்டும். ஆகவே கணினி குருட்டாம்போக்கில் ஓர் ஒற்றை எண்ணை எடுத்து, சோதித்து, தேறாவிட்டால் அடுத்ததை எடுக்கிறது. பெரும்பாலும் கையாளப்படும் மில்லர்-ராபின் சோதனையில் ஒரு பகு எண் ஒரு சுற்றில் தப்பிவிடும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேற்படாது. 20 சுற்றுகளுக்குப் பின் அது லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. நடைமுறைக்கு இது போதும். ஆயினும் அங்கே கிடைப்பது 'பகா எண்ணாக இருக்கும்' என்ற முடிபுதான்.

ஐயத்துக்கே இடமின்றி, எந்த எண்ணுக்கும், விரைவாகச் சொல்ல இயலுமா என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றி நின்றது. விடை இந்தியாவிலிருந்து வந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டுதான் இளநிலைப் பட்டம் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவரும் அதற்கான வழிமுறையை வெளியிட்டனர். அதன் வித்து பள்ளி மாணவரும் அறிந்த பாஸ்கல் முக்கோணத்தில் இருக்கிறது. ஐந்தாம் அடுக்கின் வரிசை 1, 5, 10, 10, 5, 1; நடுவிலுள்ள எல்லாம் 5-ஆல் வகுபடும். ஆறாம் அடுக்கின் வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1; இதில் 15-உம் 20-உம் 6-ஆல் வகுபடா. நடு உறுப்புகள் அனைத்தும் வகுபடுவது பகா எண்ணுக்கு மட்டுமே உரிய இயல்பு. முழு வரிசையையும் எழுதிப் பார்ப்பது பெரிய எண்களுக்கு இயலாது. எழுதாமலே அந்த இயல்பைச் சரிபார்க்கும் வழியை அம்மூவரும் கண்டனர். கட்டுரை 2004-இல் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வெளிவந்தது. 2006-இல் கோடல் பரிசு பெற்றது.

அச்செய்தி வந்தபோது மறையாக்கம் தகர்ந்துவிட்டதோ என்ற அச்சமும் எழுந்தது. தகரவில்லை. காரணம் மேலே சொன்ன இடைவெளியே. பகுமா பகாதா என்று சொல்வதற்கு விரைவான வழி கிடைத்தது. பகுத்துக் காட்டுவதற்கு அந்த வழி உதவாது. பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் முயற்சிகளில் 2020 பிப்ரவரியில் 829 பிட் கொண்ட, 250 இலக்க எண் ஒன்று பகுக்கப்பட்டது. 617 இலக்க அளவுக்கு வெளியிடப்பட்ட சவால் எண் இன்னும் பகுக்கப்படாமல் நிற்கிறது.

'இன்னும் பகுக்கப்படாமல்' என்பதே இங்கு முக்கியம். காரணிப்படுத்தல் கடினமானது என்பதற்கு நிரூபணம் எதுவும் கிடையாது. விரைவான வழி இல்லை என்று எவரும் காட்டவில்லை. இதுவரை எவரும் கண்டதாக வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பகா எண்ணின் பகாமை தேற்றம். பெருக்கற்பலனின் பகுக்க முடியாமை நம்பிக்கை. முன்னது நிலையானது, பின்னது நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது. 1994-இல் பீட்டர் ஷோர், போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி கிடைத்தால் காரணிப்படுத்தல் எளிதாகும் என்று நிறுவினார். 2001-இல் அத்தகைய கருவி ஒன்று 15-ஐ 3 எனவும் 5 எனவும் பகுத்தது. 15-இலிருந்து 617 இலக்கங்கள் வெகு தொலைவு. ஆனால் அந்தத் தொலைவைக் காப்பது பொறியியலின் தாமதமே, கணிதத்தின் உறுதியன்று.

ஆர்எஸ்ஏ மட்டுமே மறையாக்கம் இல்லை. நீள்வளைய வரைகோடுகளைக் கொண்ட முறைகளும் பரவலாக வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று, 2-இன் 255-ஆம் அடுக்கிலிருந்து 19-ஐக் கழித்து வரும் 77 இலக்கப் பகா எண்ணை எல்லாரும் அறியப் பயன்படுத்துகிறது. அங்கே பகா எண்ணுக்கு ஒளிந்துகொள்ளும் வேலை இல்லை. ஒளிக்கப்படுவது வேறோர் எண். ஆனால் அதை மீட்டெடுப்பது கடினம் என்பதும் நிரூபிக்கப்படாத நம்பிக்கையே. பகா எண்ணின் பருமனுக்கும் பாதுகாப்பின் அளவுக்கும் நேரடி உறவில்லை என்பதற்கு இது மேலும் ஒரு சான்று.

பகா எண்ணைக் குறை கூற ஏதுமின்றியே பாதுகாப்பு சரிந்த நிகழ்வும் உண்டு. 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் பொதுவில் கிடந்த லட்சக்கணக்கான திறவிகளைத் திரட்டி ஒப்பிட்டன. அவற்றில் பல, ஒரே பகா எண்ணைத் தம்முள் பகிர்ந்துகொண்டிருந்தன. குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டிய கருவிகள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எடுத்திருந்தன. சிறிய எண்களில் சொன்னால், 143-ஐயும் 187-ஐயும் தனித்தனியே பகுக்கத் தெரியாதவரும் இரண்டின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுவிடலாம்: 187-இல் 143 போக 44; 143-ஐ 44-ஆல் வகுத்தால் மீதி 11; 44-இல் 11 மீதியின்றி அடங்கும். 11 கிடைத்ததும் இரண்டு பூட்டுகளும் திறந்துவிடும். யூக்ளிட் 2,300 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த வழி இது. எண்கள் பெரியவை, பகாமையில் குறையில்லை, ஆயினும் பூட்டு திறந்தது.

மாணவரிடம் ஆர்வத்தைத் தூண்ட எளிய வாக்கியம் ஒன்று வேண்டாமா, பயன் உண்டு என்று சொன்னால்தானே கணிதத்தைக் கேட்பார்கள் என்று ஆசிரியர்கள் வாதிடலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பயனைப் பொய்யான இடத்தில் காட்டினால் இரண்டு இழப்புகள் நேரும். முதலாவது, குடிமக்களின் இழப்பு. 'கணிதம் காக்கிறது' என்று கற்றவர், எந்த நம்பிக்கையின் மேல் தம் பணம் நிற்கிறது என்று வங்கியிடமோ அரசிடமோ கேட்கமாட்டார். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2024 ஆகஸ்டில், காரணிப்படுத்தலை நம்பாத மூன்று புதிய மறையாக்கத் தரநிலைகளை வெளியிட்டது. அவற்றின் கடினமும் நிரூபிக்கப்பட்டதன்று. ஆயினும் குவாண்டம் கணினி வருமுன் மாறியாக வேண்டும் என்ற முடிவு அதில் தெளிவு. பாந்த்ரா-குர்லா வளாகம் எப்போது, எவ்வாறு மாறும் என்பது தேநீர்க் கடைக்காரரும் கேட்கத்தக்க கேள்வி. அதைக் கேட்கும் மொழியை அவர் பிள்ளைக்குக் கல்வி தந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கணிதத்தின் இழப்பு. இதே மும்பையில், மாநிலக் கல்லூரியில் பயின்ற கே. சந்திரசேகரன் 1949-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து கணிதப் பள்ளியை வளர்த்தார். பகா எண்களின் பரவலோடு பின்னிக்கிடக்கும் ஜீட்டா சார்புகள் குறித்து 1956-இல் அந்நிறுவனம் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தியது. பெரிய பகாக் காரணியுடைய எண்களைப் பற்றி கே. இராமச்சந்திரா 1969-இல் எழுதிய கட்டுரை அந்த மரபில் வந்தது. ஆர்எஸ்ஏ பிறப்பதற்கு முந்தைய உழைப்பு இது. வங்கி எதுவும் அதைக் கேட்கவில்லை. பகா எண் ஆய்வை மறையாக்கத்தின் பயனால் மட்டும் நியாயப்படுத்தினால், அடிப்படையான மறையாக்க முறை மாறும் நாளில் அந்த ஆய்வுக்கான நிதியும் மதிப்பும் உடன் மறையும். நிலையான உண்மையை நிலையற்ற பயனோடு கட்டிப்போடுவது விவேகமாகாது.

செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. ஆறாம் வகுப்பில் எரட்டோஸ்தனீசின் சல்லடையைக் கற்பிக்கும் ஆசிரியர், அதே தாளில் 2047-ஐ எடுத்து ஒன்பது படிகளைப் போட்டுக்காட்டலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். தாராவியின் ஒற்றை அறை வீட்டிலும் பென்சிலால் செய்துவிடலாம். 1736 என்ற மீதி வந்ததும், 'இது பகுமா?' என்று கேட்டால் வகுப்பு முழுவதும் 'பகும்' என்று சொல்லும். 'எதனால் பகும்?' என்று அடுத்துக் கேட்டால் மௌனம் நிலவும். அந்த மௌனத்தைத்தான் உலகத்தின் வங்கிகள் காவலாக வைத்திருக்கின்றன என்று அப்போது சொல்லலாம். பல்கலைக்கழகத்தில் எழுதும் ஆய்வாளர்கள், நிரூபித்ததற்கு ஒரு முடிபும், சோதித்ததற்கு மற்றொரு முடிபும், நம்புவதற்கு வேறொரு முடிபும் இட்டு எழுதலாம். மூன்றுக்கும் தமிழில் வடிவம் உண்டு. பயன்படுத்தாமல் விடுவதற்குத்தான் காரணம் எதுவும் இல்லை.